நிஜாமும் எடுத்தார், டில்லியும் எடுத்தது

செப்டம்பர் 17 நெருங்கினால் போதும், ஹைதராபாத்தில் அத்தனை பேருக்கும் சரித்திர ஞானம் பொங்க ஆரம்பித்துவிடும். 2022-ல் மத்திய அரசு அந்த நாளை 'ஹைதராபாத் விடுதலை நாள்' என்று சொல்லி செகந்திராபாத் பரேட் கிரவுண்டில் கொடியேற்றியது. அதே நாளை, அதே வருஷம், அப்போதைய மாநில அரசு 'தேசிய ஒருமைப்பாட்டு நாள்' என்றது. ஆட்சி மாறியது, 2024-ல் காங்கிரஸ் அரசு 'பிரஜா பாலனா தினம்' என்றது. ஒரே தேதிக்கு மூன்று பெயர். குழந்தைக்குப் பேர் வைக்கும்போது மாமியார் வீடும் அம்மா வீடும் அடித்துக்கொள்வது மாதிரி.

தெலுங்குக்காரர்கள் சண்டை போட்டால் அது அவர்கள் ஊர், அவர்கள் தாத்தாக்கள் பட்ட பாடு. நம் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் எதற்கு இவ்வளவு சூடு என்றுதான் தெரியவில்லை. பிழைக்க வந்த ஊரின் சண்டையை அந்த ஊர்க்காரனைவிட உரக்கப் போடுவதில் நமக்கு ஒரு தனி சுகம் போல. சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சண்டையில் வருஷா வருஷம் இரண்டு ஃபார்வர்டுகள் சுற்றுகின்றன. ஒன்று: 'ஹைதராபாத்துக்கு வானொலி கொடுத்த வள்ளல் நிஜாம்.' இன்னொன்று: 'நிஜாம் பிடியிலிருந்த வானொலியை மீட்டுக் கொடுத்தது இந்திய ராணுவம்.'

இரண்டும் கப்ஸா. முழு கப்ஸா என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், போய்விடும். இது பாதி கப்ஸா. அதனால்தான் படித்தவர்களும் நம்புகிறார்கள்.

முதல் கப்ஸாவை எடுத்துக்கொள்வோம். ஹைதராபாத்தின் முதல் வானொலியை ஆரம்பித்தது நிஜாம் இல்லை, அவர் அரசாங்கமும் இல்லை. மெஹபூப் அலி என்று ஒருவர். தபால் தந்தி இலாகா அதிகாரி. 1930-களின் தொடக்கத்தில் ஆபிட்ஸ் பக்கத்துச் சிராக் அலி லேனில் 200 வாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு சொந்த முயற்சியில் ஒலிபரப்பத் தொடங்கினார். 200 வாட் என்றால் எவ்வளவு? உங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னி அரைக்கிற மிக்சி 500-லிருந்து 750 வாட். அதில் பாதிகூடத் தேறாது. அதை வைத்துக்கொண்டு ஊருக்குப் பாட்டும் பேச்சும் கொடுத்தார் மனிதர். இன்றைக்கு சிராக் அலி லேனில் மொபைல் கவரும் சார்ஜரும் வாங்கப் போகிறோம், ஹைதராபாத் வானொலி பிறந்த இடம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

நிஜாம் அரசு செய்தது என்ன? 1935-ல் அந்த நிலையத்தை எடுத்துக்கொண்டது. அந்த வருஷம் பிப்ரவரி 3-ஆம் தேதியைத்தான் டெக்கான் ரேடியோவின் பிறந்த நாளாகச் சொல்கிறார்கள். பிள்ளையைப் பெற்றவர் ஒருவர், பிறந்த தேதி எழுதியது தத்தெடுத்தவர். அப்புறம் காசைக் கொட்டினார்கள், அதை மறுக்கவில்லை. 1939-ல் சரூர்நகரில் 5 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் வந்தது. மெஹபூப் அலியின் பெட்டியைப் போல 25 மடங்கு. மீடியம் வேவில் 411 மீட்டர், அதாவது 730 கிலோஹெர்ட்ஸ். கைராதாபாத்தில் யாவர் மன்ஜிலில் ஸ்டுடியோ. ஔரங்காபாத்தில் இன்னொரு நிலையம். அந்தக் காலத்து சமஸ்தானத்துக்கு இதெல்லாம் பெரிய விஷயம்தான்.

(உருதுவில் வயர்லெஸ்ஸுக்கு 'லாசில்கி' என்று பேர் வைத்திருந்தார்கள். 'சில்க்' என்றால் கம்பி, இழை. 'லா' என்றால் இல்லாத. நாம் 'கம்பியில்லாத் தந்தி' என்று வைத்தோமே, அச்சாக அதே யோசனை. இரண்டு மொழியிலும் அந்தப் பேர் செத்துப்போனதும் ஒரே மாதிரிதான்.)

நிலையத்தின் பிரதான மொழி உருது. தெலுங்கு, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் நிகழ்ச்சிகளும் உண்டு. இதைச் சொல்லித்தான் 'பாருங்கள், ஐந்து மொழி, என்ன பெருந்தன்மை' என்று ஃபார்வர்டு வருகிறது. ஐயா, கொஞ்சம் கணக்குப் பாருங்கள். 1941 கணக்கெடுப்பில் ஹைதராபாத் சமஸ்தானத்தில் ஏறக்குறைய 1 கோடியே 63 லட்சம் பேர். அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வீட்டில் பேசியது தெலுங்கு. நாலில் ஒருவர் மராத்தி. பத்தில் ஒருவர் கன்னடம். உருது பேசியவர்களும் ஏறக்குறைய அதே பத்து, பன்னிரண்டு சதவீதம்தான். பாதி ஜனத்தின் மொழி விருந்தாளி, பத்தில் ஒரு பங்கின் மொழி வீட்டுக்காரன். இதை உருதுவின் மீது கோபப்பட்டுச் சொல்லவில்லை. அந்த மொழியில் எவ்வளவு அழகு இருக்கிறது என்பது இந்த ஊரில் இரண்டு முறை ஆட்டோ பிடித்தவருக்கே தெரியும். நான் சொல்வது, மைக் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் மொழிதான் வீட்டுக்காரன் ஆகும் என்பது.

இப்போது இரண்டாவது கப்ஸா. இதுதான் நீளம், இதில்தான் ரத்தமும் இருக்கிறது.

1947 நவம்பருக்குப் பிறகு ஹைதராபாத்தில் மீர் லாயிக் அலி பிரதமர், தெருவில் காசிம் ரஜ்வியின் ரஜாக்கர் படை. ஒரு பக்கம் கிராமங்களில் ரஜாக்கர்களின் கொலையும் கொள்ளையும், இன்னொரு பக்கம் தெலங்கானா விவசாயிகளின் ஆயுதப் போராட்டம். டெக்கான் ரேடியோ அரசாங்கத்தின் குரலாக மட்டுமே இருந்தது. வேறென்னவாக இருக்க முடியும்? அது அரசாங்கத்தின் சொத்து.

அதே சமயத்தில், அதே ஊரில், அதே உருது மொழியில் 'இம்ரோஸ்' என்று ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. ஆசிரியர் ஷோயபுல்லா கான். இளைஞர். சமஸ்தானம் இந்தியாவோடு சேர வேண்டும், ரஜாக்கர் அராஜகம் நிறுத்தப்பட வேண்டும் என்று எழுதினார். 1948 ஆகஸ்ட் 21 இரவு அவரைக் கொன்றார்கள். எழுதிய கையையும் வெட்டினார்கள். ரஜாக்கர் ஆட்சி என்றால் என்ன என்று தெரிய வேறெதுவும் படிக்க வேண்டாம், இது ஒன்று போதும்.

இதை ஏன் இங்கே இழுக்கிறேன் என்றால், ஷோயபுல்லா கான் ஒரு பத்திரிகை நடத்த முடிந்தது. அச்சு இயந்திரம், காகிதம், நாலு நண்பர்கள் இருந்தால் உயிரைப் பணயம் வைத்தாவது ஒரு பத்திரிகை கொண்டுவரலாம். வானொலியில் ஒரு ஷோயபுல்லா கானுக்கு இடமே இல்லை. அவரைக் கொல்ல வேண்டிய அவசியம்கூட வராது, உள்ளேயே விட மாட்டார்கள். மெஹபூப் அலியின் நிலையம் மெஹபூப் அலியிடமே இருந்திருந்தால் 1948-ல் என்ன பேசியிருக்கும்? யாருக்குத் தெரியும். அவரும் வாய் பொத்தி இருந்திருக்கலாம். ஆனால் 1935-லேயே அந்தக் கேள்விக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

செப்டம்பர் 13-ஆம் தேதி இந்தியப் படைகள் நுழைந்தன. 17-ஆம் தேதி முடிந்தது. அன்றைக்கு லாயிக் அலி மந்திரிசபை ராஜினாமா. நிஜாம் மீர் ஒஸ்மான் அலி கான் டெக்கான் ரேடியோவில் பேசினார். ரஜாக்கர்களைத் தடை செய்தார், இந்தியப் படை பொல்லாரத்தில் வந்து தங்கலாம் என்றார். அவரைப் பேச வைத்ததில் இந்திய அரசின் ஏஜென்ட் ஜெனரல் கே.எம். முன்ஷிக்குப் பெரிய பங்கு. ஆறு நாள் கழித்து, 23-ஆம் தேதி, மறுபடி வானொலியில் பேச்சு. இந்த முறை எல்லாப் பழியையும் காசிம் ரஜ்வி கோஷ்டி தலையில் போட்டார். தன்னை நிர்ப்பந்தித்தார்கள், ஹிட்லரின் ஜெர்மனி பாணியில் சமஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்றார்.

யோசித்துப் பாருங்கள். அதே நிலையம், அதே அலைவரிசை. ஒரு வாரத்துக்கு முன்னால் லாயிக் அலி அரசின் குரல், ஒரு வாரத்துக்குப் பின்னால் அவர்களைக் கழுவி ஊற்றும் குரல். ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. இதுவா மீட்பு? ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்குச் சாவி கைமாறியது, அவ்வளவுதான்.

அப்புறம் நடந்ததும் இதில் சேர்த்திதான். சண்டை ஓய்ந்த பிறகு மாவட்டங்களில், முக்கியமாக மராத்வாடா பக்கம், முஸ்லிம்கள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்டார்கள். நேரு பண்டிட் சுந்தர்லால் தலைமையில் ஒரு குழு அனுப்பினார். குறைத்து மதிப்பிட்டாலே 27,000-லிருந்து 40,000 பேர் வரை இறந்திருப்பார்கள் என்று அந்தக் குழு எழுதியது. அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2013-ல். அறுபத்துச் சொச்சம் வருஷம் பெட்டிக்குள் இருந்தது. ரஜாக்கர் செய்ததைச் சொன்னால் ஒரு கோஷ்டிக்குக் கோபம், இதைச் சொன்னால் இன்னொரு கோஷ்டிக்குக் கோபம். இரண்டையும் சேர்த்துச் சொல்லக்கூடிய ஒரு வானொலி அந்த ஊரில் இல்லை என்பதுதான் என் கோபம்.

1950 ஏப்ரல் 1-ஆம் தேதி டெக்கான் ரேடியோ, ஆல் இந்தியா ரேடியோ ஹைதராபாத் ஆனது. 'அரசாங்கம் எடுத்தால் என்ன, அந்தக் காலத்தில் அப்படித்தான்' என்பீர்கள். ஆமாம், எல்லா இடத்திலும் அப்படித்தான். அதனால்தான் இது ஒரு ஊர்க் கதையோடு நிற்கவில்லை.

நம்மூரையே பாருங்கள். சென்னையில் 1924-ல் ஒலிபரப்பு ஆரம்பித்தது மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப். நடத்தியவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார். கவர்னர் இல்லை, கலெக்டர் இல்லை, ஒரு கிளப். 1927-ல் காசில்லாமல் மூடினார்கள். டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சிக்குப் போனது. 1930-லிருந்து மாநகராட்சி நடத்தியது. கவனியுங்கள், ஒரு கார்ப்பரேஷன் வானொலி நடத்தியிருக்கிறது! 1938 ஜூன் 16-ல் அங்கே ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் வந்தது, மாநகராட்சி வானொலி முடிந்தது. மைசூரில் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி 1935-ல், அதாவது ஹைதராபாத்தில் மெஹபூப் அலியின் நிலையம் கைமாறிய அதே வருஷம், தன் வீட்டிலேயே ஒரு நிலையம் ஆரம்பித்தார். பெயர் 'ஆகாசவாணி'. முதலில் மைசூர் சமஸ்தானம் எடுத்தது, பிறகு டில்லி எடுத்தது. நிலையம் மட்டுமா? பெயரையும் சேர்த்து. 2023 மே மாதம் 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற ஆங்கிலப் பெயரை ஒழித்து இனிமேல் ஆகாசவாணி மட்டும்தான் என்று அறிவித்தபோது, காலனி அடையாளம் போனது என்று சிலர் குதித்தார்கள். ஒரு தனி மனிதர் வீட்டுத் திண்ணையில் பிறந்த பெயர் சார் அது. அரசாங்கம் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை.

கிளப் ஆரம்பித்தது, பேராசிரியர் ஆரம்பித்தது, தபால் அதிகாரி ஆரம்பித்தது. எடுத்தவர்கள் மட்டும் எப்போதும் அரசாங்கங்கள். எடுத்த எந்த அரசாங்கமும் திருப்பிக் கொடுக்கவில்லை.

'கொடுத்தார்களே, எஃப்எம் இருக்கிறதே' என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. 2001-ல் பெங்களூரில் முதல் தனியார் எஃப்எம் வந்தது. ஹைதராபாத்துக்கு 2006 வாக்கில் வந்தன. காலையில் மியாபூரிலிருந்து ஹைடெக் சிட்டி போகிற நேரத்தில் நாமும் கேட்கிறோம். பாட்டு, ஜோக், ஜோதிடம், நகைக்கடை விளம்பரம், மறுபடி பாட்டு. ஒரு வரி செய்தி உண்டா? கிடையாது. ஏன்? சட்டம் அனுமதிக்கவில்லை. தனியார் வானொலி சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கக்கூடாது. ஆகாசவாணி செய்தியை ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே அஞ்சல் செய்யலாம், அதுவும் 2011 கொள்கைக்குப் பிறகு. நூற்றுக்கணக்கான டிவி சேனல் ராத்திரி ஒன்பது மணிக்கு நாட்டையே கூவி விற்கலாம். பத்திரிகை எதையும் எழுதலாம். வாட்ஸ்அப்பில் எதையும் பரப்பலாம். ஒரு வானொலிக்காரர் மட்டும் 'நேற்று மாநகராட்சிக் கூட்டத்தில் இன்ன தீர்மானம் நிறைவேறியது' என்று சொல்லக்கூடாது. உலகத்தில் இவ்வளவு பெரிய ஜனநாயகத்தில் இவ்வளவு சின்னப் பயம்!

போக்குவரத்து, வானிலை, தண்ணீர், மின்சாரம், பேரிடர் எச்சரிக்கை எல்லாம் சொல்லலாம், அவை செய்தியில் சேராது என்று விதி இருக்கிறது. எச்சரிக்கை மாதிரி விஷயங்கள் உள்ளூர் நிர்வாகம் கொடுத்ததாக இருக்க வேண்டும். 2020 அக்டோபர் மழையில் இதற்கு அர்த்தம் புரிந்தது. ஏரிகள் உடைந்து காலனிகளுக்குள் தண்ணீர் புகுந்த அந்த ராத்திரிகள் இங்கே இருந்தவர்களுக்கு மறக்காது. எங்கள் பக்கம் கரண்ட் இல்லை, போன் சிக்னல் வந்து வந்து போனது. அலமாரியில் கிடந்த பேட்டரி ரேடியோவை எடுத்துப் போட்டேன். ஒரு நிலையத்தில் குத்துப்பாட்டு. இன்னொன்றில் மழைக்கு இதமாகக் காதல் பாட்டு, தொகுப்பாளினி மிளகாய் பஜ்ஜி பற்றி உருகிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. மழை பெய்கிறது என்று அவர் சொல்லலாம். ஏரிக்குள் லே-அவுட் போட்டது யார், அனுமதி கொடுத்தது யார் என்று கேட்கத்தான் அவருக்கு உரிமை இல்லை. பஜ்ஜியைப் பற்றிப் பேசாமல் என்ன செய்வார்?

அரசாங்கம் சொல்லும் காரணம் பாதுகாப்பு. இத்தனை நிலையங்கள் என்ன பேசுகின்றன என்று கண்காணிக்க ஆள் இல்லை, விஷமிகள் புகுந்துவிடுவார்கள். 2013-ல் 'காமன் காஸ்' அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் இந்தத் தடையை எதிர்த்து வழக்குப் போட்டபோதும் அரசுத் தரப்பு வாதம் இந்த ரகம்தான். உடனே ஒருவர் ருவாண்டாவை எடுப்பார். 1994-ல் ஆர்டிஎல்எம் என்ற தனியார் வானொலி டுட்சிகளைக் கொல்லத் தூண்டியது உண்மைதானே? உண்மை. ஆனால் அந்த நிலையத்துக்குப் பின்னால் இருந்தது யார்? ஆட்சியிலிருந்த கூட்டத்தின் ஆட்கள். அரசை எதிர்த்த வானொலி இல்லை அது, அரசுக்குச் செல்லப்பிள்ளை. அந்தச் செல்லப்பிள்ளைக்குப் பதில் சொல்ல அதே அளவு கேட்கப்படும் இன்னொரு வானொலி அங்கே இல்லாததுதான் கொடுமை. 1948 ஹைதராபாத்தும் அதையேதான் சொல்கிறது. ஒரே வானொலி, ஒரே குரல். கண்காணிப்பு பிரமாதமாக நடந்தது!

பக்கத்து நாடுகளைப் பாருங்கள். நேபாளத்தில் 1997-லேயே ரேடியோ சாகர்மாதா வந்துவிட்டது, அரசுக்குச் சொந்தமில்லாத சமூக வானொலி, செய்தியும் உண்டு. இலங்கையில் யுத்தம் நடந்த வருஷங்களிலேயே சக்தி எஃப்எம்மும் சூரியன் எஃப்எம்மும் தமிழில் செய்தி வாசித்தன. அங்கே செய்தியாளர்கள் கடத்தப்பட்டார்கள், மிரட்டப்பட்டார்கள். ஆனால் செய்தி வாசிப்பதே குற்றம் என்று சட்டம் இல்லை. நம் ஊரில் யாரையும் கடத்த வேண்டியதில்லை, லைசென்ஸ் விதியே போதும்.

இங்கே மீடியம் வேவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டெக்கான் ரேடியோவின் 730 கிலோஹெர்ட்ஸ் பிற்பாடு 738 ஆனது. ஹைதராபாத் 'ஏ' நிலையம், 200 கிலோவாட். சென்னை 'ஏ' நிலையம் 720. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு படிதான். ராத்திரியில் மீடியம் வேவ் வானத்தில் மோதித் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் போகும். செகந்திராபாத் பத்மாராவ் நகரில் மூன்று தலைமுறையாக இருக்கிற மாமா ஒருவர் சொல்லியிருக்கிறார்: "ராத்திரி மெட்ராஸ் வரும்டா, ஆனா ஹைதராபாத்துக்காரன் பக்கத்திலேயே உக்காந்து மேல ஏறுவான். ரேடியோவைத் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பணும். ஒரு பக்கமாத் திருப்பினா அவன் அடங்குவான், மெட்ராஸ் மேல வரும்." விஞ்ஞானம் சுத்தம். உள்ளே இருக்கிற ஃபெரைட் கம்பி ஏரியலின் நுனி எந்த நிலையத்தை நோக்குகிறதோ அது அடங்கும். மாமாவுக்கு ஃபெரைட் தெரியாது, மாமி டீ கொண்டு வருவதற்குள் மெட்ராஸைப் பிடிக்கத் தெரியும்.

அரசாங்கங்கள் மைக்கைத்தான் பிடித்து வைத்திருந்தன. காதைப் பிடிக்க முடியவில்லை. 1950-களில் அமைச்சர் பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டைக் கேவலம் என்று ஒதுக்கினார், நாடே இலங்கை வானொலிக்குப் போனது. 1957-ல் விவித் பாரதி ஆரம்பித்து வால் பிடிக்க வேண்டியிருந்தது. எமர்ஜென்சியில் ஆல் இந்தியா ரேடியோவை 'ஆல் இந்திரா ரேடியோ' என்றார்கள். காலை ஏழேகாலுக்கு டில்லியிலிருந்து சரோஜ் நாராயணஸ்வாமி குரலில் தமிழ்ச் செய்தி கேட்ட அதே ஜனங்கள், ராத்திரி ஒன்பதேகாலுக்கு லண்டனிலிருந்து பிபிசி தமிழோசையையும் போட்டுப் பார்த்தார்கள். காலையில் சொன்னது சரியா என்று சரிபார்க்க! தன் நாட்டு விஷயத்தைத் தெரிந்துகொள்ள லண்டனுக்குப் போக வேண்டிய நிலைமைக்கு நாம் வெட்கப்பட்டதே இல்லை. தமிழோசை வானொலி 2017 ஏப்ரலோடு நின்றது. பிரசார் பாரதி பழைய மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை நாடு முழுக்க ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறது. சுதந்திர இந்தியாவில் மீடியம் வேவில் ஒரு தனியாருக்கும் லைசென்ஸ் கொடுத்ததில்லை. தானும் நடத்த மாட்டேன், உனக்கும் தர மாட்டேன். எஃப்எம் எட்டுவது ஐம்பது, அறுபது கிலோமீட்டர். மாநில எல்லை தாண்டி மாமாவின் பெட்டிக்கு வந்து சேர்ந்த மெட்ராஸ் மாதிரி ஒன்று இனி வராது. யூடியூப் இருக்கிறதே என்றால், மழை ராத்திரியில் டவர் விழுந்த பிறகு வந்து சொல்லுங்கள்.

இந்த ஊரிலேயே மெஹபூப் அலிக்கு வாரிசு இருக்கிறார்கள், அது பெரிய சந்தோஷம். ஜஹீராபாத் பக்கம் 'சங்கம் ரேடியோ'. டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி ஆரம்பித்தது, நடத்துவது தலித் பெண்கள். சிறுதானியம், விதை, கிராமத்துப் பாட்டு, அவர்கள் பேசுகிற தெலுங்கில். யுனெஸ்கோ உதவியோடு 1998 வாக்கிலேயே ஸ்டுடியோ தயார். லைசென்ஸ்? ஒலிபரப்பு தொடங்கியது 2008 அக்டோபர் 15. பத்து வருஷம் அந்தப் பெண்கள் நிகழ்ச்சிகளை டேப்பில் பதிந்து சங்கக் கூட்டங்களில் போட்டுக் காட்டினார்கள். உச்ச நீதிமன்றம் 1995-லேயே, ஹீரோ கோப்பை கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில், வானலை பொதுச் சொத்து என்று சொல்லியாகிவிட்டது. பொதுச் சொத்தைத் தொட பொதுஜனம் பதின்மூன்று வருஷம் காத்திருந்தது.

அனுமதி வந்ததும் எவ்வளவு? சமூக வானொலிக்கு விதிப்படி பொதுவாக 100 வாட். மெஹபூப் அலி, நிஜாமின் ராஜ்ஜியத்தில், 200 வாட்டில் ஒலிபரப்பினார். தொண்ணூறு வருஷம் கழித்து ஒரு குடியரசு தன் ஜனங்களுக்குக் கொடுப்பது அதில் பாதி. மன்னராட்சி விமர்சகர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்க ஆசை. செய்தி? அவர்களுக்கும் கிடையாது. தங்கள் ஊர் ரேஷன் கடை ஏன் திறக்கவில்லை என்று அந்தப் பெண்கள் செய்தியாக வாசிக்க முடியாது.

2023 செப்டம்பரில் டிராய் ஒரு பரிந்துரை கொடுத்தது. தனியார் எஃப்எம் நிலையங்கள் மணிக்குப் பத்து நிமிஷம் செய்தியும் நடப்பு விவகாரமும் ஒலிபரப்பலாம் என்று. மணிக்குப் பத்து நிமிஷம்! அதையே பெரிய புரட்சி மாதிரி தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். பரிந்துரை வந்தது, செய்தி வரவில்லை.

நமக்கென்ன என்று கேட்கிறவர்களுக்கு: இந்த ஊரில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள், நம் ஓட்டு இங்கே இருக்கிறது, மஞ்சீரா தண்ணீர் வராவிட்டால் நம் வீட்டுக் குழாயும்தான் காய்கிறது. உள்ளூர் விஷயம் நமக்குத் தெரியவருவது அபார்ட்மெண்ட் குழுவின் வதந்தியிலும் பிள்ளைகள் படித்துச் சொல்கிற தெலுங்குத் தலைப்பிலும். செகந்திராபாத் கன்டோன்மெண்ட் காலத்திலிருந்து தமிழர்கள் இருக்கிற ஊர் இது. டெக்கான் ரேடியோவின் ஐந்து மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை, இன்றைய எஃப்எம் பட்டியலிலும் இல்லை. சட்டம் விட்டால் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்து 100 வாட்டில் ஒரு நிலையம் நடத்தி, தினம் பத்து நிமிஷம் இந்த ஊர்ச் செய்தியைத் தமிழில் வாசிக்க ஆகும் செலவு, நாம் வருஷா வருஷம் ஆடிட்டோரியம் பிடித்துப் பட்டிமன்றம் நடத்துவதைவிட ரொம்ப அதிகமாக இருக்காது.

டிராய் ஆலோசனை அறிக்கை வெளியிடும்போதெல்லாம் யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம், தேதி கொடுப்பார்கள். பெரிய கம்பெனிகள் வக்கீல் வைத்து எழுதுகின்றன. கட்டணத்தைக் குறை, வரியைக் குறை என்று. செய்தி வாசிக்க விடு என்று கேட்க வேண்டியது கேட்கிறவர்கள்தான். செப்டம்பர் 17-க்கு ஃபார்வர்டு தட்டுகிற நேரத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பலாம். நான் அனுப்பப்போகும் பக்கத்தில் முதல் வரி சிராக் அலி லேனைப் பற்றி இருக்கும்.